பட்டர் கத்தி: வாங்குவது முதல் துரு எடுப்பது வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாத்திரக் கடையில் பட்டர் கத்தி கேட்டால் மூன்று விதமாக எடுத்துப் போடுகிறார்கள். எதை வாங்குவது?

மூன்றும் அந்தப் பெயரில்தான் விற்கின்றன. முதலாவது, ஆளுக்கொன்றாக வைக்கும் சின்னக் கத்தி. 13 முதல் 15 செ.மீ. நீளம், அகலமான அலகு, உருண்டை முனை. எந்தப் பக்கமும் கூர் இருக்காது. தடவுவதற்கென்றே செய்தது. இரண்டாவது, பொதுக் கிண்ணத்திலிருந்து வெண்ணெயை எடுத்துப் பரிமாறுவதற்கானது. 17, 18 செ.மீ. இருக்கும். முனை ஒரு பக்கமாகக் கூம்பியிருக்கும். சிலவற்றில் முனையில் சிறு வெட்டு இருக்கும், நறுக்கிய துண்டைக் குத்தித் தூக்குவதற்காக. மூன்றாவது, ஸ்பூன், ஃபோர்க்கோடு செட்டாக வரும் சாப்பாட்டு மேசைக் கத்தி. 20 செ.மீ.க்கு மேல் நீளம், நுனிப் பக்கம் பொடிப் பற்கள்.

சென்னை வீடுகளில் பட்டர் கத்தி என்று புழங்குவது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். ஒன்றே ஒன்று வாங்குவதானால் அதையே வாங்குங்கள். தடவும், இட்லி எடுக்கும், மைசூர்பாகுக்குக் கோடு போடும். பரிமாறும் கத்தி விருந்தாளிகளுக்கு மேசை போடும் வீட்டுக்குத்தான் தேவை. தினமும் பத்துப் பதினைந்து சாண்ட்விச் போடுகிற வீடாக இருந்தால், சாண்ட்விச் கடைக்காரர்கள் வைத்திருக்கும் அகல அலகுக் கத்தியைக் கேட்டு வாங்குங்கள். ஒரு விளிம்பு வழவழவென்றும் மறு விளிம்பு ரம்பப் பல்லாகவும் இருக்கும். ஒரே இழுப்பில் பிரெட் முழுக்கத் தடவலாம், திருப்பினால் அதிலேயே நறுக்கலாம்.

முனையை ஏன் மழுக்கி வைத்திருக்கிறார்கள்?

முன்காலத்து ஐரோப்பாவில் சாப்பாட்டு மேசைக் கத்தியும் கூர்முனையோடுதான் இருந்தது. அதிலேயே இறைச்சியைக் குத்தி வாயில் வைப்பார்கள், பல்லும் குத்துவார்கள், சண்டை வந்தால் ஆளையும் குத்துவார்கள். 1669-இல் பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி கூர்முனைக் கத்திகளுக்குத் தடை போட்டார். ஃபோர்க் பரவிய பிறகு குத்தி எடுக்கக் கத்தி தேவைப்படவும் இல்லை. முனை உருண்டது, அலகு அகன்றது.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் வெண்ணெய் கல்லாக இருக்கிறது. வெளியே வைத்தால் எண்ணெயாக ஓடுகிறது. என்ன செய்வது?

இதில் கத்தியைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் உணவுப் பாதுகாப்பு விதிப்படி டேபிள் பட்டரில் குறைந்தது 80 விழுக்காடு பால் கொழுப்பு இருக்க வேண்டும். அந்தக் கொழுப்பு 4 டிகிரியில் இறுகிக் கிடக்கும். 16 முதல் 20 டிகிரிக்குள் தடவும் பதத்துக்கு வரும். 32 முதல் 35 டிகிரிக்குள் முழுக்க உருகிவிடும். 'அறை வெப்பநிலையில் வெண்ணெய்' என்று குளிர்நாட்டுச் சமையல் குறிப்பில் எழுதியிருப்பதை நம்பி, மே மாதம் சென்னைச் சமையலறையில் கட்டியை வெளியே வைத்தால் மேல் பக்கம் உருகி வழியும், நடுவில் இன்னும் கெட்டியாக இருக்கும்.

ஆகவே முழுக் கட்டியை வெளியே வைக்காதீர்கள். தேவையானதை மட்டும் 3 மி.மீ. கனத்தில் தகடாக வெட்டி ஒரு தட்டில் பரப்பி, கட்டியை உடனே உள்ளே வைத்துவிடுங்கள். கோடையில் நாலைந்து நிமிடத்தில் தகடு பதமாகும். மார்கழிக் காலையில் கால் மணி நேரமாவது பிடிக்கும். அவசரமென்றால் கேரட் துருவியில் துருவிக்கொள்ளலாம். பிரெட் மேல் துருவலாகத் தூவி ஒரு நிமிடம் விட்டால், அதன் பிறகு கத்தி வழுக்கிக்கொண்டு போகும்.

கட்டியை வெட்டுவதற்குக் கத்தியை வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, நன்றாகத் துடைத்துவிட்டு, நேராகக் கீழே அழுத்துங்கள். ஒன்றிரண்டு வெட்டுக்கு அந்தச் சூடு தாங்கும். மெல்லிய தகட்டுக் கத்தி என்றால் முதல் வெட்டிலேயே ஆறிவிடும், கனமான கத்திதான் இதற்கு நல்லது. துடைக்காமல் வெட்டினால் ஈரம் கட்டியில் தங்கி, அந்த இடம்தான் முதலில் கெடும்.

கத்தியை கேஸ் அடுப்பில் காட்டிச் சூடாக்க வேண்டாம். எஃகு நீலமும் மஞ்சளுமாக நிறம் மாறும், பிளாஸ்டிக் பிடி இளகும், வெண்ணெய் பட்ட இடம் கருகும். மைக்ரோவேவும் சரிப்படாது, உள்ளே உருகி வெளியே கட்டியாக நிற்கும். ஒருமுறை முழுக்க உருகிய வெண்ணெய், திரும்ப உறைந்தாலும் மணல் மணலாகத்தான் இருக்கும். அதைத் தடவப் பார்க்காமல் தோசைக்கோ வாணலிக்கோ ஒதுக்கிவிடுங்கள்.

ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் மூடி போட்ட சின்ன அறை வெண்ணெய்க்காகவே வைத்தது. ஃபிரிட்ஜிலேயே குளிர் குறைந்த இடம் கதவுதான். அதில் முட்டையையும் மாத்திரை அட்டையையும் அடைத்துவிட்டு வெண்ணெயை உள்ளே தள்ளிவிடுகிறோம்.

தடவும்போது பிரெட் கிழிந்து சுருள்கிறதே?

மூன்று காரணம் இருக்கும். வெண்ணெய் போதுமான அளவு இளகவில்லை. பிரெட் அன்றைக்கு வந்த புதுசு, இன்னும் பஞ்சுபோல இருக்கிறது. கத்தியைச் சரியான சாய்வில் பிடிக்கவில்லை. அலகை முழுக்கப் படுக்க வைத்தால் வெண்ணெய் அலகோடு ஒட்டிக்கொண்டு பிரெட்டின் மேல்தோலை இழுத்து வரும். நிமிர்த்திப் பிடித்தால் சுரண்டும். பிரெட்டிலிருந்து 20, 30 டிகிரி தூக்கலாகப் பிடித்து, ஆள்காட்டி விரலை அலகின் முதுகில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் கிழிவது அங்கேதான். பிரெட் ரொம்ப மென்மையாக இருந்தால் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துத் தடவலாம்.

பன்னைப் பிளப்பதற்குப் பட்டர் கத்தி ஆகாது. நசுக்கிவிடும். ரம்பப்பல் கத்தியால் பிளந்துகொண்டு, வெட்டுப்பட்ட இரண்டு முகத்திலும் வெண்ணெய் தடவி, இரும்புக் கல்லில் சின்னத் தீயில் முகம் குப்புற ஒன்றரை நிமிடம் போட்டால் டீக்கடை பன் பட்டர் ஜாம் வாசனை வீட்டிலேயே வரும். ஜாமைக் கல்லில் போடும் முன் தடவாதீர்கள். சர்க்கரை தீய்ந்து பிடிக்கும்.

ஒரு பிரெட் துண்டுக்கு எவ்வளவு வெண்ணெய்?

5 முதல் 7 கிராம். ஒரு டீஸ்பூன் தலைதட்டி எடுத்தால் ஏறக்குறைய 5 கிராம். 100 கிராம் கட்டியைப் பிரித்ததும் கத்தி முதுகால் மேலே ஒன்பது கோடு போட்டு வைத்தால் பத்துப் பாகம். ஒவ்வொன்றும் 10 கிராம், பாதி ஒரு துண்டுக்கு. பச்சைச் சட்னி வைக்கும் சாண்ட்விச்சுக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல் ஓரம் வரை தடவுங்கள். வெண்ணெய்ப் படலம்தான் சட்னி ஈரம் பிரெட்டுக்குள் இறங்காமல் தடுக்கிறது. விட்டுப்போன மூலையில்தான் சொதசொதவென்று ஆகும்.

அலகில் ஓட்டைகளும் பற்களும் வைத்த புது மாதிரிக் கத்தி வாங்கலாமா?

கெட்டி வெண்ணெய் மேல் இழுத்தால் நூல் நூலாகச் சீவி வரும், அது உண்மை. ஆனால் ஓட்டைகளில் அடைத்த கொழுப்பு சாதாரணத் தேய்ப்பில் போகாது. பிரஷ் வைத்துக் குத்தி எடுக்க வேண்டும். கேரட் துருவி வீட்டில் இருக்கும்போது இதற்கு அவசியமில்லை.

எந்த எஃகு நல்லது? காந்தம் வைத்துப் பார்த்து வாங்கலாமா?

எவர்சில்வர் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அதில் பல ரகம் உண்டு. பெட்டியில் 18/8 அல்லது 18/10 என்று போட்டிருந்தால் 18 விழுக்காடு குரோமியம், 8 அல்லது 10 விழுக்காடு நிக்கல் என்று பொருள். துருவுக்கு நன்றாகத் தாங்கும். 18/0 என்றால் நிக்கல் இல்லை. விலை குறைவு, பளபளப்பும் சற்று மட்டு. மேசைக் கத்திகளின் அலகு பல சமயம் 13 விழுக்காடு குரோமியம் மட்டுமே உள்ள எஃகு. அதைச் சூடுபடுத்திக் கடினமாக்க முடியும், பொடிப் பற்கள் தேயாமல் நிற்கும் என்பதால் அப்படி. ஒரே செட்டில் ஸ்பூன் பளிச்சென்று இருக்க, கத்தியில் மட்டும் புள்ளி விழுவதற்கு இதுதான் காரணம்.

காந்தச் சோதனையைக் கடைக்காரர்களும் வாங்குபவர்களும் அளவுக்கு மேல் நம்புகிறார்கள். நிக்கல் கூடிய 18/8-இல் காந்தம் ஒட்டாது, சரி. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவு ரக எஃகிலும் ஒட்டாது. அது உப்புப் பட்டால் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதேபோல 13 விழுக்காடு குரோமிய அலகில் காந்தம் நன்றாக ஒட்டும், அதற்காக அது மட்டமான கத்தியும் அல்ல. காந்தத்தை வைத்து நல்லது கெட்டது பிரிக்க முடியாது.

கையில் எடுத்துப் பார்ப்பதுதான் உருப்படியான சோதனை. பிடியும் அலகும் ஒரே துண்டாக இருக்கட்டும். அலகும் பிடியும் சேரும் கழுத்து 2 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். கட்டை விரலால் அலகை அழுத்திப் பாருங்கள். வளைந்து நின்றுவிட்டால் வைத்துவிடுங்கள். விளிம்பில் விரல் ஓட்டினால் பிசிறு தட்டக் கூடாது. உள்ளே வெற்றிடமான குழல் பிடி பார்க்க அழகு. ஆனால் இணைப்பு வழியாகத் தண்ணீர் புகுந்தால் ஆட்டும்போது சலசலக்கும், நாற்றமும் வரும். பிளாஸ்டிக், மரப் பிடிகளில் ஆணி அடித்த இடம்தான் அழுக்குக் குடியிருக்கும் இடம். பாரிமுனை, சௌகார்பேட்டைப் பக்கம் எடைக்குப் போடும் கடைகளில் ஒற்றைத் துண்டுக் கத்திகள் உதிரியாகவே கிடைக்கும். செட்டாக வாங்க வேண்டிய கட்டாயமில்லை.

ஸ்டெயின்லெஸ் என்கிறார்கள், ஆனால் துருப்பிடிக்கிறதே?

குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தால் எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் தானாக உருவாகும். துருவைத் தடுப்பது அதுதான். அந்தப் படலத்தைத் துளைப்பது உப்பிலுள்ள குளோரைடு. சென்னையில் அதற்குப் பஞ்சமே இல்லை: உப்பு சேர்த்த வெண்ணெய், உவர்ப்பான போர் தண்ணீர், ராயபுரம், பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடல்காற்று. வெண்ணெய் தடவிய கத்தியை ராத்திரி முழுக்க சிங்க்கில் போட்டுவிட்டால் காலையில் குண்டூசித் தலை அளவில் பழுப்புப் புள்ளி இருக்கும்.

புதுப் புள்ளி என்றால் எடுத்துவிடலாம். ஒரு ஸ்பூன் சமையல் சோடாவில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, 10 நிமிடம் கழித்து, பளபளப்புக் கோடு ஓடும் திசையிலேயே துணியால் தேயுங்கள். போகாவிட்டால் புளியோ எலுமிச்சை மூடியோ வைத்துத் தேய்த்து உடனே கழுவித் துடைக்க வேண்டும். புளித்தண்ணீரில் ஊறப் போடுவது தப்பு. நகத்தால் தடவும்போது குழியாகத் தட்டினால் அது எஃகைத் தின்றுவிட்டது. தேய்த்தால் நிறம் போகும், குழி போகாது. அப்படிப்பட்ட கத்தியைச் சாப்பாட்டுக்கு வைக்காமல் வேறு வேலைக்குத் தள்ளிவிடலாம்.

பிளீச்சிங் கரைசல் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், அதிலும் குளோரின்தான். இரும்பு நார் ஸ்கிரப்பர் உதிர்க்கும் துகள் கத்தியில் ஒட்டித் துருப்பிடித்து, கத்தியே துருப்பிடித்ததுபோல் காட்டும். வெள்ளை வெள்ளையாகப் படிவது துரு அல்ல, போர் தண்ணீரின் சுண்ணாம்பு. ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் கரையும். கழுவியதும் துடைத்து வைத்தால் இந்தப் பாடெல்லாம் பாதிக்கு மேல் குறையும்.

வெண்ணெய் தவிர நம் சமையலறையில் எதற்கெல்லாம் ஆகும்?

வெட்ட வேண்டாம், ஆனால் பிரிக்க வேண்டும், நெம்ப வேண்டும், மட்டம் செய்ய வேண்டும் என்ற வேலைகள் எல்லாவற்றுக்கும் ஆகும். தட்டையும் பாத்திரத்தையும் கீறாது என்பது இதன் பெரிய சௌகரியம்.

துணி போடாத இட்லித் தட்டில், அடுப்பை அணைத்து இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, கத்தியைத் தண்ணீரில் நனைத்து, குழியின் விளிம்பை ஒட்டிச் சாய்வாக ஒரு சுற்று விட்டு, அடியில் நுழைத்துத் தூக்குங்கள். ஒவ்வொரு இட்லிக்கும் நனைக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க எடுத்தால் எந்தக் கத்தியானாலும் அடி ஒட்டிக்கொண்டு பிய்யும்.

மைசூர்பாகை நெய் தடவிய தட்டில் கொட்டிய பத்து நிமிடத்தில், மேல் இறுகி உள்ளே சூடு இருக்கும்போது கோடு போட வேண்டும். அலகில் நெய் தொட்டு நேராகக் கீழே அழுத்தி எடுங்கள், இழுக்காதீர்கள். இழுத்தால் விளிம்பு பொடியும். தேங்காய் பர்ஃபி அதைவிடச் சீக்கிரம் இறுகும், இரண்டு மூன்று நிமிடத்திலேயே கோடு போட்டுவிட வேண்டும். துண்டுகளைப் பிரிப்பது முழுக்க ஆறிய பிறகுதான்.

ஓட்டிலிருந்து தேங்காய்ப் பத்தை எடுக்க, உடைத்த மூடியின் ஓட்டுப் பக்கத்தை அடுப்புத் தீயில் திருப்பித் திருப்பி ஒன்றிரண்டு நிமிடம் காட்டுங்கள். அல்லது முந்தின இரவே ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவில் முனையை நுழைத்து, நெம்பாமல் லேசாகத் திருகினால் கழன்று வரும். கையில் ஏந்திக்கொண்டு செய்யாமல் மடித்த துண்டின் மேல் தேங்காயை வைத்துச் செய்யுங்கள். மழுங்கல் முனை வழுக்கினாலும் உள்ளங்கையில் பட்டால் வலிக்கும். அருவாமனை முனையால் நெம்பிக் கிழித்துக்கொள்வதற்கு இது எவ்வளவோ மேல்.

கேக்குக்கு மைதா அளக்கும்போதும் அரிசியைத் தலைதட்டி அளக்கும்போதும் கத்தியின் நேரான முதுகு கையைவிடச் சரியாக வழிக்கும். இரும்புக் கல்லில் தோசை ஓரத்தைக் கிளப்பிவிடலாம். நான்ஸ்டிக் கல்லில் மட்டும் வேண்டாம், பூச்சு போய்விடும்.

புது எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டிய ஸ்டிக்கர்: பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றி, கத்தி விளிம்பால் மூலையிலிருந்து கிளப்புங்கள். மிச்சமிருக்கும் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால் போதும். திறக்க வராத ஜாம் பாட்டிலுக்கு மூடி விளிம்பின் அடியில் முனையை நுழைத்து வெளிப்பக்கமாக லேசாக நெம்பினால் 'டொப்' என்று காற்று நுழையும், பிறகு கையாலேயே திறக்கலாம். கண்ணாடியில் சில்லு தெறித்திருந்தால் அந்த ஜாமைச் சாப்பிடக் கூடாது.

எதற்குப் பயன்படுத்தவே கூடாது?

டோஸ்டரில் மாட்டிய பிரெட்டை எடுக்க. உள்ளே இருக்கும் கம்பிகளில் 230 வோல்ட் நேராக ஓடுகிறது, கத்தியோ முழுக்க உலோகம். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. வயரிங் செய்தவர் சுவிட்சை மின்சாரம் வரும் ஒயரில் கொடுக்காமல் நியூட்ரலில், அதாவது திரும்பிப் போகும் ஒயரில், மாற்றிக் கொடுத்திருந்தால், அணைத்த பிறகும் கம்பியில் மின்சாரம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, கவிழ்த்துத் தட்டுங்கள். வராவிட்டால் மரக்குச்சியால் எடுங்கள். சுவிட்ச் போர்டு திருகு கழற்றவும் இதே காரணத்தால் கூடாது.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் உறைந்த பனியைக் குத்தவும் வேண்டாம். அந்தச் சுவரே மெல்லிய அலுமினியத் தகடு. அதன் வழியாகத்தான் குளிர்வாயு ஓடுகிறது. ஓட்டை விழுந்தால் வாயு வெளியேறி ஃபிரிட்ஜ் குளிராது, செலவும் பெரியது. இப்போது வரும் பல ஃபிரிட்ஜ்களில் இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருப்பதே வழி.

பால் பவுடர் டின் மூடியைக் கிளப்ப ஸ்பூன் காம்பு போதும். கத்தியென்றால் கழுத்தில் வளையும்.

குழந்தை கையில் கொடுக்கலாமா?

மூன்று வயது வாக்கில், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது, சின்ன அளவுக் கத்தியாகக் கொடுக்கலாம். முதலில் தடவ விடுங்கள். பிறகு வாழைப்பழம், இட்லி, வேகவைத்த உருளைக்கிழங்கு, பனீர் என்று நறுக்க விடுங்கள். பழத்தைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கிக்கொள்ளச் சொல்லித்தர வேண்டும். பிற்பாடு கூரான கத்தி பிடிக்கும்போது அந்தப் பழக்கம்தான் விரலைக் காக்கும். பச்சைக் கேரட், ஆப்பிள் போன்றவற்றைக் கொடுக்காதீர்கள். மழுங்கல் கத்தி இறங்காது, குழந்தை பலம் கொடுத்து அழுத்தும், கத்தி வழுக்கும். கத்தியோடு ஓடக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துத் தீட்டலாமா?

வேண்டாம். பெரும்பாலான பட்டர் கத்திகளின் எஃகு கூரைத் தாங்காது. ஒரு வாரத்தில் மழுங்கி, விளிம்பு மட்டும் கரடுமுரடாக நிற்கும். பிரெட் கிழியும், உதடும் கிழியும். பிசிறு இருந்தால் 400 நம்பர் தண்ணீர் உப்புத்தாளை ஈரப்படுத்தி இரண்டு பக்கமும் நாலு இழுப்பு இழுத்தால் போதும்.

ஹோட்டல் விருந்தில் இடப்பக்கம் ஒரு சின்னத் தட்டும் அதன்மேல் சின்னக் கத்தியும் வைக்கிறார்கள். அதை எப்படிக் கையாள்வது?

அது உங்கள் பிரெட் தட்டுதான், வலப்பக்கம் இருப்பது பக்கத்தில் இருப்பவருடையது அல்லது டம்ளர் வைக்கும் இடம். பொதுக் கிண்ணத்திலிருந்து பரிமாறும் கத்தியால் கொஞ்சம் வெண்ணெயை எடுத்து உங்கள் தட்டின் ஓரத்தில் வையுங்கள். பன்னைக் கையால் பிட்டு, ஒரு வாய்க்கு உரியதில் மட்டும் தடவிச் சாப்பிடுங்கள். பன்னைக் கத்தியால் அறுப்பதில்லை. முடிந்ததும் கத்தியை அதே தட்டில், அலகின் விளிம்பு உள்பக்கம் பார்க்க வைத்துவிடலாம். கடைசி வரை பன் வராத விருந்துகளும் உண்டு. அப்போது கத்தி அப்படியே கிடக்கட்டும்.

ஜாமுக்கும் வெண்ணெய்க்கும் ஒரே கத்தி போடலாமா?

போடக் கூடாது. வெண்ணெய் ஒட்டிய கத்தியோடு பிரெட் தூளும் ஜாம் பாட்டிலுக்குள் போகும். பூஞ்சை பிடிப்பது அந்தத் தூளில்தான். வெண்ணெயில் ஜாம் பட்டாலும் அதே கதை. இரண்டு கத்தி கழுவச் சோம்பலாக இருந்தால், முதலில் சுத்தமான ஸ்பூனால் ஜாமை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு பிறகு தடவுங்கள். வீட்டில் கடைந்த உப்பில்லா வெண்ணெய்க்கு இன்னும் கவனம் வேண்டும். அதில் மோர் கொஞ்சம் தங்கியிருக்கும், உப்பின் காவலும் இல்லை. குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து, உலர்ந்த கத்தியால் மட்டும் எடுங்கள். நாலைந்து நாளில் தீராதென்றால் காறல் வாடை வருவதற்கு முன்பே நெய்யாகக் காய்ச்சிவிடுங்கள்.